மழைச் செய்தி முதலில் யாருக்குப் போகும்?

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னபோது நான் "சரி" என்று மட்டும் சொன்னேன். உன் அப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டு, "பாப்பா, பெங்களூரா? எப்போ ஜாயின் பண்ற? தங்கறதுக்கு ரூம் பாத்துட்டியா?" என்று அடுக்கிக்கொண்டே போனார். அதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் நீ கேட்டாய்: "அம்மா இன்னா சொல்றாங்க? சந்தோஷம்தானாமா?" அதற்கும் நான் "சரி" என்றேன். அந்தச் சொல் உன்னைக் குத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும். போனில் எனக்குப் பேச வராது. எதிரில் இருப்பவர் முகம் தெரியாமல் பேசும்போது நான் எப்போதும் பாதியில் நிறுத்திவிடுகிறேன். எழுதினால் முடிக்க முடியும். அதனால் எழுதுகிறேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அச்சில் வரட்டும் என்று நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இதில் வரும் கேள்வி உன்னோடு நிற்பதில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளை படித்துவிட்டுப் பெங்களூருக்கோ சென்னைக்கோ போகிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையோ செய்கிறது. அது என்ன, அதை யார் வாங்குகிறார்கள், வாங்கி என்ன செய்கிறார்கள் என்று பெற்றவர்கள் கேட்பதில்லை. கேட்டால் புரியாது என்று நினைக்கிறார்கள். புரியாவிட்டாலும் கேட்கலாம் என்பது என் எண்ணம். இதில் எந்தத் தொழிற்சாலையின் பெயரும் இல்லை, உன் கம்பெனியின் பெயரும் இல்லை. பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் உனக்கு ஒரு பிரதி வரும்.

எனக்குச் சந்தேகம் ஜாஸ்தி என்று நம் வீட்டில் எல்லோரும் சொல்வீர்கள். அதை நான் மறுத்ததில்லை. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்த நாளிலிருந்து தோலைச் சோதிக்கும் லேபில்தான் வேலை. வெளிநாட்டுக்குப் போகும் தோலில் இருக்கக்கூடாத குரோமியம் இருக்கிறதா, தடை செய்த சாயம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. "ஃபர்ஸ்ட் கிளாஸ் தோல் மேடம், ஒண்ணும் இருக்காது" என்று கொண்டுவருகிறவர் சொல்வார். அவர் சொல்வதை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதற்காக அவரை நான் பொய்யர் என்று நினைப்பதில்லை. பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருக்கும். ஆனாலும் ஒரு துண்டு வெட்டித்தான் ஆகவேண்டும்.

செயற்கைக்கோளை வைத்து மழையைக் கணிக்கும் உன் படிப்பையும் நான் அப்படித்தான் பார்த்தேன். நீ மறந்திருக்க மாட்டாய். லீவுக்கு வந்திருந்த ஒரு மத்தியானம், லேப்டாப்பைப் பார்த்தபடியே, "அம்மா, மாடியில துணி காயுதே, எடுத்துடு. நம்ம ஊர் மேல மழை பெய்யுது" என்று கத்தினாய். நான் மாடிக்கு ஓடினேன். வானம் முழுக்க வெளுத்த பாயை விரித்தது போல மேகம் மூடியிருந்தது. ஆனால் ஒரு சொட்டு இல்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்து மாடியில் வசந்தா அக்கா மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னா மேடம், வானத்துல இன்னா தொலைச்ச?"

"எம்பொண்ணு மழை பெய்யுதுன்றாக்கா."

"எங்க, அவ காலேஜ்லயா?"

"இங்கதானாம். இப்பதானாம்."

அவள் ஒரு மிளகாயை எடுத்து ஒடித்துப் பார்த்தாள். பட்டென்று ஒடிந்தது. "எம்மொளகாயிக்கு இன்னும் சேதி வரல போல. வந்தா சொல்லி அனுப்பறேன்" என்றாள்.

நான் கீழே வந்து சொன்னதும் நீ சிரித்தாய். உன் கருவிக்காக நீ வாதாடவில்லை என்பதை அன்றைக்கே கவனித்தேன். நீ சொன்னது இதுதான். எப்போதும் நம் தலைக்கு மேலேயே நிற்கும் செயற்கைக்கோள் மேகத்தின் தலையைத்தான் பார்க்கிறது. தலை எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு உயரமான மேகம். உயரமான மேகமாக இருந்தால் கீழே மழை இருக்கும் என்று கணக்குப் போடுகிறது. அன்று எங்கோ தள்ளிப் பெய்துகொண்டிருந்த மழை மேகத்தின் மேல்பகுதியைக் காற்று இழுத்துவந்து நம் ஊர் மேல் பரப்பியிருந்தது. குளிர்ந்த தலை இருந்தது, உடம்பு இல்லை. கருவி ஏமாந்துவிட்டது. இன்னொரு வகைச் செயற்கைக்கோள் தாழ்வாகச் சுற்றுகிறது. அதில் ரேடார் இருக்கிறது, அது மேகத்துக்குள் ஊடுருவித் துளியையே பார்த்துவிடும். ஆனால் அது ஓர் இடத்தில் நிற்பதில்லை. வந்து கடந்து போய்விடும். அது இல்லாத நேரத்தையெல்லாம் மற்றக் கருவிகளை வைத்து நிரப்புகிறோம் என்றாய். "நெரப்பறதுன்னா? இல்லாததைப் போடறதா?" என்று கேட்டேன். "ஊகிக்கறதும்மா. ஆனா எங்க ஊகிச்சோம்னு எழுதி வெச்சிடுவோம்" என்றாய். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பிறகு நீ வங்காள விரிகுடாவில் இறங்கினாய். பருவமழைக் காலத்தில் அந்தக் கடல் மேல் பெய்யும் மழை, காற்றுக்கு எவ்வளவு சூட்டைக் கொடுக்கிறது என்பது உன் ஆராய்ச்சி. வீட்டுக்கு வந்து ஒரு படம் காட்டினாய். கடல் மேலெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. "செவப்பா இருக்கறதெல்லாம் சூடும்மா. கடல் மட்டத்துல இருந்து அஞ்சாறு கிலோமீட்டர் மேல." மழை பெய்தால் குளிரத்தானே செய்யும், இவள் என்ன சூடு என்கிறாள் என்று முதலில் நினைத்தேன். நீ விளக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு லேபில் இருக்கும் கண்டென்சர் ஞாபகம் வந்தது. கொதிக்கிற ஆவி உள்குழாயில் போய்த் தண்ணீராக மாறும். வெளிக்குழாயில் ஓடும் தண்ணீர் உள்ளே போகும்போது ஜில்லென்று இருக்கும், வெளியே வரும்போது வெதுவெதுப்பாக இருக்கும். ஆவி தன்னிடம் ஒளித்து வைத்திருந்த சூட்டை விட்டுவிட்டுத்தான் தண்ணீராகிறது. கடல் மேல் மேகத்துக்குள் நடப்பதும் அதுதான். விடுபட்ட சூடு காற்றை மேலே தூக்குகிறது. காலியான இடத்துக்கு ஈரக் காற்று இன்னும் வேகமாக ஓடி வருகிறது. மழை தன்னையே வளர்த்துக்கொள்கிறது. ஓங்கி எழும் மேகம் நடுவானத்தைச் சூடாக்கும். அதன் பின்னால் அகலமாகப் படர்ந்து நிதானமாகப் பெய்யும் மழை மேலே சூடாக்கிக் கீழே குளிர வைக்கும். எந்த மழை எவ்வளவு என்று பிரித்தால்தான் பருவக்காற்று எப்படி நடக்கும் என்று தெரியும். இதுவரை புரிந்தது.

ஆனால் நான் கேட்டேன்: "இந்தச் சூட்டை எந்தத் தெர்மாமீட்டர வெச்சு அளந்தீங்க?"

"அளக்கலம்மா."

"பின்ன இவ்ளோ சிவப்பு எங்கருந்து வந்துது?"

"மழையைத்தான் பாத்தோம். இந்த மாதிரி மழைன்னா, இந்த உயரத்துல இவ்ளோ சூடு வந்திருக்கணும்னு ஒரு அட்டவணை இருக்குது. அதுல இருந்து எடுத்தது."

"அந்த அட்டவணை தப்பா இருந்தா?"

"செவப்பும் தப்பும்மா."

நீ ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாய். அன்றைக்கு உன் அப்பா, "நாலு பேர் பாராட்டற படிப்பு, நீ மட்டும் குறுக்கு விசாரணை பண்ற" என்று என்னைக் கடிந்துகொண்டார். எனக்கு அது விசாரணையாகத் தெரியவில்லை. கண்ணால் பார்த்தது எது, பார்த்ததிலிருந்து நாமே சேர்த்துக்கொண்டது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த ஒரு பெண்ணைப் பெற்றிருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன். உன் வாயால் இன்னொன்றும் கேட்டிருந்தேன். கடல் மேல் மழையைப் பார்ப்பது சுலபம், கடல் எங்கும் ஒரே மாதிரி இருக்கிறது, மழை அதில் தனியாகத் தெரிகிறது, ஆனால் தரை காடும் மேடும் ஊருமாகக் கலந்து கிடப்பதால் சிரமம் என்று நீதான் சொன்னாய். இப்போது நீ சேரும் கம்பெனி தரை மேல் பெய்யும் மழையை விற்கிறது. படித்தது கடல் மழை, விற்கப்போவது ஊர் மழை. இது என் முதல் சந்தேகம். தரையில் இருக்கும் மழைமானிகளையும் சேர்த்துத் திருத்திக்கொள்கிறோம் என்பாய். செய்யுங்கள். அது உங்கள் தொழில், என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது சந்தேகம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் உனக்குப் பாதி ஞாபகம் இருக்கக்கூடிய ஒரு நாளைச் சொல்கிறேன்.

வெளியூர்க்காரர்கள் மழை வந்தால் மண் வாசனை என்பார்கள். நாம் ஜன்னலைச் சாத்துவோம். மழைக்கு முன்னால் வருவது தோல் ஆலைக் கழிவு ஓடும் கால்வாயின் நாற்றம் என்று நம் தெருவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். இருந்தாலும் பாலாற்றில் தண்ணீர் வருகிறது என்றால் நமக்குப் புத்தி மாறிவிடும். வருஷக்கணக்காக மணலாகவே கிடக்கும் ஆறு. மேற்கே மலைப்பக்கம் பெருமழை பெய்து வெள்ளம் புறப்பட்டால், "வாணியம்பாடி தாண்டிடுச்சாம்" என்று போனில் சேதி வரும். ஜனங்கள் மஞ்சள், குங்குமம், பூ, கற்பூரம் எடுத்துக்கொண்டு கரைக்குப் போவார்கள். புதுத் தண்ணீரை வரவேற்காமல் விடக்கூடாது. அந்த வருஷமும் போனோம். நீ ஸ்கூல் யூனிஃபார்மோடு என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். மணலில் பழுப்பாக ஒரு நாக்கு நீண்டு வந்தது. அதன் நுனியில் வெள்ளையாக நுரை. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வசந்தா அக்கா இறங்கிப் போய் இரண்டு கையாலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எனக்கு மூக்கில் சுண்ணாம்பும் அழுகின முட்டையும் சேர்ந்தாற்போல ஏறியது. அது எனக்குத் தெரிந்த வாசனை. தோலில் முடியை நீக்கும் தொட்டியிலிருந்து வருவது. "அக்கா, கண்ணுல வெக்காத. இது ஆத்துத் தண்ணி இல்ல" என்று கத்தினேன்.

கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் திரும்பி, "கங்கம்மா வர்றா, நீ மூக்கப் புடிச்சிகினு நிக்கற. படிச்சவங்களுக்கு எல்லாத்துலயும் நாத்தம்தான்" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நீ கூச்சத்தில் என் கையை விட்டுவிட்டாய்.

சாயங்காலம்தான் ஆறு வந்தது. செம்மண் நிறத்தில், கிளைகளையும் குப்பையையும் உருட்டிக்கொண்டு, உண்மையான தண்ணீர். அது வந்தபோது என்னைத் தவிரக் கரையில் யாரும் இல்லை. பூவும் கற்பூரமும் முன்னால் வந்ததற்கே போய்விட்டன. வெள்ளம் எல்லாவற்றையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. மறுநாள் போய்ப் பார்த்திருந்தால் எந்தத் தடயமும் கிடைத்திருக்காது. வசந்தா அக்கா கண் சிவந்து ஆஸ்பத்திரிக்கு அலைந்தாள். ஆற்றோரத்துக் குடியிருப்பில் போர்வெல் தண்ணீர் மஞ்சளாக வந்தது.

அன்று யாரும் எந்த மடையையும் திறந்ததை நான் பார்க்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். நான் பார்த்தது நுரை, முகர்ந்தது நாற்றம். மற்றதெல்லாம் என் ஊகம். ஆனால் ஊகம் இப்படிப் போகிறது: ஆறு வருவதற்குச் சற்று முன்னால் கழிவைத் திறந்துவிட்டால், பின்னால் வரும் வெள்ளம் கழுவிக்கொண்டு போய்விடும். அப்படித் திறக்க வேண்டும் என்றால், மேற்கே மழை பெய்துவிட்டது, ஆறு நிச்சயம் வரும், இத்தனை நேரம் ஓடும் என்று கரையில் இருக்கிற நமக்கு முன்னால் யாருக்கோ தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அது மேற்கே இருக்கும் உறவுக்காரர் போனாக இருந்திருக்கும், அல்லது வெறும் அனுபவமாக இருந்திருக்கும். சில முறை தப்பியும் இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ போன் செய்ததற்கு அடுத்த நாள் எங்கள் லேபுக்குத் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் மேனேஜர் வந்தார். வழக்கமாகச் சாம்பிள் கொண்டுவருகிறவர். அன்று கையில் ஆற்காடு மக்கன் பேடா டப்பா. உன் அப்பா ஊரெல்லாம் சொல்லியிருந்தார் போல.

"மொதல்ல ஸ்வீட் எடுங்க மேடம். நம்ம ஊரு பொண்ணு!"

"எதுக்கு சார் இதெல்லாம்?"

"இன்னா மேடம் இப்டி கேக்கறீங்க. உங்க பொண்ணு சேர்ற கம்பெனிதான் எங்களுக்கு மழை மெசேஜு தரப்போவுது. நாலஞ்சு ஓனருங்க சேர்ந்து பேசி முடிச்சாச்சு. மேல மழை ஆரம்பிச்சா இங்க எங்க போன் அடிக்கும்."

"மேலன்னா?"

"அதான், ஆந்திராவுல குப்பம் சைடு. ஆறு எப்போ வரும், எவ்ளோ தண்ணி, எவ்ளோ நேரம் ஓடும், எல்லாம் சொல்லுமாம். சேட்டிலைட்டு மேடம்!"

"நம்ம ஊர்ல மழை எப்போ ஆரம்பிக்கும்னு சொல்லாதா?"

"அதுவும் சொல்லும். அது கெடக்குது."

"உங்க தோல் ஷாப்பு ஆத்துல இருந்து தூரமாச்சே சார். ஆறு வந்தா உங்களுக்கு இன்னா?"

அவர் சிரித்தார். "உங்களுக்கு மனுஷன் பேசினாலும் டெஸ்ட்டுதான் மேடம்." கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். "பாப்பா கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லி வெய்யுங்க. மெசேஜு எங்களுக்கு வந்தா போதும். ஊருக்கெல்லாம் போச்சுன்னா ஜனங்க பயந்துடுவாங்க. பேஜாரு."

அவர் நல்ல மனிதர். என் உடம்பு சரியில்லாதபோது விசாரித்தவர். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடக் குற்றம் இல்லை. அதனால்தான் அதை நான் மறுபடி மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் அந்தத் தொழிலில் ஃபினிஷிங் பிரிவிலேயே வாழ்நாளைக் கழித்தவர், உன் படிப்பும் நம் வீடும் தோலில் வந்தவை. அவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் உண்டு. "உனக்கு மேகத்தப் பாத்தாலும் சந்தேகம், மேனேஜரப் பாத்தாலும் சந்தேகம். தோல்ல இருந்து தட்டற உப்பு மலையாட்டம் கெடக்குது. மழை பேஞ்சா கரைஞ்சி ஓடுது. முன்னாடியே தெரிஞ்சா தார்பாய் போட்டு மூடுவான். உப்புத்தண்ணிய வெய்யில்ல காய வெக்கறானே, அந்தத் தொட்டி ரொம்பி வழியாம பாத்துக்குவான். இது ஆத்துக்கு நல்லதுதானே? எங்க ஷாப்புல இதுக்குன்னே ஒரு ஆளு வானத்தப் பாத்துகினு ஒக்காந்திருக்கான்."

அவர் சொன்னது உண்மை. நான் யோசித்தேன். யோசித்துவிட்டுக் கேட்டேன்: "உப்ப மூடறவனுக்கு நம்ம ஊர்ல மொத துளி எப்போ விழும்னுதானே தெரியணும்? குப்பத்துல பெய்யற மழை எதுக்கு? ஆறு எவ்ளோ நேரம் ஓடும்னு எதுக்கு?"

அவர் கையிலிருந்த இட்லித் துண்டை அப்படியே தட்டில் வைத்தார். "எல்லாரையும் ஒரே தராசுல வெக்காத" என்றார். அந்தக் குரலில் பழைய கோபம் இல்லை.

அதற்குப் பிறகுதான் உன்னைக் கூப்பிட்டேன். நான் கூப்பிடுவது அபூர்வம் என்பதால் நீ பயந்துவிட்டாய். நம் பக்கத்து வாடிக்கையாளர்களைத்தான் உனக்கு முதல் வேலையாகக் கொடுக்கப்போகிறார்கள், நம்ம ஊர்ப் பொண்ணு என்பதால் உன் கம்பெனிக்கே அது பெருமை என்று உற்சாகமாகச் சொன்னாய். நான் மேனேஜர் கதையைச் சொன்னேன். உன் குரல் மாறியது.

"அம்மா, அவங்க எதுக்கு வாங்கறாங்கன்னு நான் எப்டிம்மா கேக்க முடியும்? நான் மழையைச் சொல்றேன். யாரையும் தொறந்து விடச் சொல்லலையே."

"எதுக்குன்னு கேக்க வேணாம். இன்னா கேட்டிருக்காங்கன்னு பாத்தியா?"

உனக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்த வேலைக் குறிப்பைத் திறந்து படித்தாய். "மேல் பக்கம் கேட்டிருக்காங்க. தொடர்ந்து எவ்ளோ நேரம் பெய்யும்னு கேட்டிருக்காங்க. நம்ம ஏரியாவுல வேற யாருக்கும் தரக்கூடாதுன்னும் கேட்டிருக்காங்க. அது நார்மல்மா. காசு குடுக்கற எல்லாரும் கேக்கறதுதான்." பிறகு, "நீ யாரையுமே நம்ப மாட்டியாம்மா? என்னையும்?" என்றாய். போனை வைத்துவிட்டாய்.

அந்தக் கேள்விக்கு இங்கே பதில் சொல்கிறேன். உன்னை நம்புகிறேன். கடல் மேல் சிவப்பாகத் தெரிந்த சூட்டை "அளக்கலம்மா" என்று சொன்னவள் நீ. அதே நேர்மையோடு இதையும் பார். நீ மழையைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத சூட்டைக் கணிக்கிறாய். நான் அவர்கள் கேட்ட கேள்வியைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத நோக்கத்தைக் கணிக்கிறேன். இரண்டு பேரும் அட்டவணையை நம்பித்தான் இருக்கிறோம். என் அட்டவணை தப்பாக இருக்கலாம். ஆற்றோரமாக அவர்களுக்குக் குடோன் இருக்கலாம், வெள்ளம் வந்தால் சரக்கை மேலே ஏற்ற வேண்டியிருக்கலாம். லாரி ஆற்றைக் கடக்கும் தரைப்பாலத்தைப் பற்றிய கவலையாக இருக்கலாம். மேனேஜருக்கு விஷயமே தெரியாமல் இருக்கலாம். இதையெல்லாம் நானே என்னிடம் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் நிற்கிறது. ஒன்று மட்டும் நிற்கவில்லை: ஊருக்குச் சொல்லக்கூடாது என்பது. குடோனைக் காப்பாற்றுகிறவனுக்கு ஆற்றோரத்து ஜனங்களும் தங்கள் பாத்திரம் பண்டத்தைக் காப்பாற்றிக்கொண்டால் என்ன நஷ்டம்? வெள்ளம் வரும் சேதி எத்தனை பேருக்குத் தெரிந்தாலும் அது வெள்ளம்தான். மற்றவருக்குத் தெரிந்தால் மதிப்பு குறைந்துபோகிற மழைச் செய்தி எதுவாக இருக்க முடியும் என்று யோசித்துப் பார். எனக்கு ஒரே ஒரு விடைதான் கிடைத்தது: கழிவைத் திறக்கும் நேரத்தில் பார்க்க யாரும் வந்துவிடக்கூடாது என்பது.

"நான் மழையைத்தான் சொல்றேன்" என்றாய். அதில் எனக்குச் சம்மதம் இல்லை. மழையைச் சொல்வது வேறு, ஒருவரிடம் மட்டும் சொல்வது வேறு. அந்தச் செயற்கைக்கோள்களை எந்த டேனரியும் ஏவவில்லை. அவற்றின் தகவல் பெரும்பகுதி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் கிடக்கிறது என்று நீயே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். உன் கம்பெனி அதைச் சுத்தம் செய்து, ஊர் ஊராகப் பிரித்து, நேரத்தோடு கொடுக்கிறது. அந்த உழைப்புக்குக் கூலி வாங்கட்டும். ஆனால் மேலேயிருந்து எல்லோரையும் சமமாகப் பார்க்கும் ஒரு கருவி, கீழே இறங்கி வந்ததும் ஒருவர் காதில் மட்டும் பேசினால், அதை அப்படிப் பேசவைக்கும் இடத்தில் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்று அர்த்தம்.

வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அது சுலபமான அறிவுரை. நீ விட்டால் அந்த நாற்காலியில் நம் ஆற்றைப் பார்த்தே இராத ஒரு பிள்ளை உட்காரும். அதற்கு எதுவும் தோன்றாது. நீ போ. சேர்வதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேள். டேனரிக்குச் செய்தி போகும் அதே நொடியில் ஆற்றோரத்துக் குடியிருப்புக்கும் போக வேண்டும். அவர்களிடம் காசு வாங்காமல். ஒரு நிமிஷம் பிந்தக்கூடாது. இதை உன் மேலதிகாரியிடம் சண்டையாகச் சொல்லாதே. வெள்ள எச்சரிக்கை, மனிதாபிமானம், கம்பெனிக்கு நல்ல பெயர் என்று அவர்கள் மொழியிலேயே சொல். பொய் இல்லையே, அத்தனையும் உண்மைதானே. பிறகு யார் முகம் எப்படி மாறுகிறது என்று பார். ஓனர்கள் "தாராளமா அனுப்புங்க" என்றால் என் சந்தேகம் அன்றைக்கு மாடியில் பார்த்தது போல மழையில்லாத வெறும் மேல் மேகம். நான் மேனேஜர் வீட்டுக்கே பேடா கொண்டுபோகிறேன். கூடாது என்றால், அவர்கள் வாங்க வந்தது மழையை அல்ல என்று உனக்கும் தெரிந்துவிடும். அதற்கு மேல் என்ன செய்வது என்பதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இது அச்சில் வந்தால் என் லேபில் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். சாம்பிள் தருகிறவர்களைப் பகைத்துக்கொண்டு லேப் நடத்த முடியாது என்பார்கள். அதுவும் நியாயம்தான். உன் அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எங்க ஷாப்பு பேரு வரலியே?" என்றார். இல்லை என்றேன். "வந்தாலும் பரவால்ல. நாங்க உப்பத்தான் மூடறோம்" என்றார்.

செய்தி ஊருக்கும் போகும் என்று முடிவானால், முதல் நம்பராக என்னுடையதைப் போடு. மேற்கே மழை என்று போன் அடித்ததும் நான் கழுவின பாட்டில்கள் நாலைந்தை எடுத்துக்கொண்டு, கால்வாய் ஆற்றில் சேரும் இடத்துக்குப் போவேன். வசந்தா அக்காவையும் கூட்டிக்கொண்டு போவேன், அவள் கேலி பண்ணினாலும் வருவாள். வெள்ளம் வந்து எல்லாவற்றையும் கலக்குவதற்கு முன்னால் அங்கே நிற்பேன். வருவது நுரையாக இருந்தால் அது பாட்டிலில் இருக்கும். அதன் பிறகு அது என் ஊகமாக இருக்காது. ஒன்றும் வராமல் வெறும் மழைத்தண்ணீர் மட்டும் வந்தால், நான் தப்பு, அவர்கள் சரி. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்து, தலையைத் துவட்டுவதற்கு முன்னால் உனக்குப் போன் செய்வேன். அன்றைக்கு "சரி" என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

அம்மா